வாய்ப்புற்று ஆபரேஷனுக்கு முன்னால் தசையையும் பாருங்கள்

பர்மாவில் தட்டோனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்பாவுக்கு 61 வயது, முப்பது வருஷத்துக்கு மேல் குன்யா (பாக்கும் புகையிலையும் வைத்து மடித்த வெற்றிலை) போட்டவர், இப்போது கன்னத்தின் உள்பக்கம் புற்று. மூன்று வாரத்தில் யாங்கூனில் ஆபரேஷன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் உடம்பில் தசை ரொம்பக் கரைந்திருக்கிறது, அதுதான் கவலை என்றாராம். நான்கு மாதத்தில் எடை 60 கிலோவிலிருந்து 52 கிலோவுக்கு வந்துவிட்டது, அதாவது பர்மா வீசையில் கிட்டத்தட்ட 5 வீசை. புற்று வாயில் இருக்கும்போது கை கால் தசை எதற்கு, தசை தேறும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா, இப்போது கஞ்சியும் க்ளூக்கோஸும்தான் உள்ளே போகிறது, அது போதுமா என்று மூன்று கேள்வி.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை இன்றைக்கே மாற்ற முடியும். போதாது, பாதிகூடப் போதாது. தள்ளிப்போடலாமா என்றால், மாதக்கணக்கில் தள்ளவே கூடாது. தசை எதற்கு என்ற கேள்விக்குத்தான் பதில் நீளம். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதும் தானாகப் புரியும். தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்குச் சாப்பாடும் உடற்பயிற்சியும் பார்ப்பதுதான் என் வேலை, அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

தசை என்றால் நடக்கவும் மூட்டை தூக்கவும்தான் என்று நினைக்கிறோம். உடம்புக்கு அது ஒரு புரதக் கையிருப்பும்கூட. காயம் பட்டாலும் காய்ச்சல் வந்தாலும் தோலைத் தைக்க, கிருமியோடு சண்டை போட, ஈரலில் நடக்கும் வேலைகளுக்கு என்று அமினோ அமிலங்கள் வேண்டும். அவை சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், விதைநெல்லை எடுத்து உலையில் போடுகிற மாதிரி. ஆரோக்கியமான ஆள் பட்டினி கிடந்தால் சில நாட்களில் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்டு தசையை மிச்சம் பிடிக்கும். புற்றுநோயில் அந்தச் சிக்கனம் சரியாக நடப்பதில்லை. கட்டியும் அதை எதிர்க்கும் உடம்பும் சேர்ந்து இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், அவை பசியையும் அடக்கும், தசை கரைவதையும் முடுக்கிவிடும். அதனால்தான் “அப்பா முன்ன மாதிரியேதான் சாப்பிடுறார், ஆனா இளைச்சுக்கிட்டே போறார்” என்று பல வீடுகளில் சொல்கிறார்கள்.

வாய்ப்புற்றில் இதோடு இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொள்கிறது, சாப்பிடும் வழியிலேயே கட்டி உட்கார்ந்திருக்கிறது. பாக்கு வருஷக்கணக்கில் கன்னத்துச் சதையை நார் நாராக இறுக்கிவிடும், வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது. நம் ஆட்களில் பலருக்குப் புற்று வருவதற்கு வெகுகாலம் முன்பே வாய் இறுகியிருக்கும், கறித்துண்டும் கடலையும் அப்போதே நின்றுபோயிருக்கும், குழைந்த சோறும் குழம்புமாக ஓட்டியிருப்பார்கள். ஆக, டாக்டர் கண்ணுக்குக் கட்டி தெரிந்த நாளில் தசை கரைய ஆரம்பிக்கவில்லை, பழைய கணக்கு அது. (புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை போடாமல் வெறும் பாக்குதான் போடுகிறேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் சித்தப்பா, மாமாக்களுக்காக இதைச் சொல்கிறேன்.)

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். கன்னத்தில் கட்டி என்றால் கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்து வெட்டுவார்கள், தேவைப்பட்டால் தாடை எலும்பில் ஒரு பகுதி போகும், கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுப்பார்கள், அப்புறம் அந்த ஓட்டையை உடம்பின் வேறு இடத்துச் சதையால் மூடுவார்கள். முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலும் சதையும் எடுக்கலாம், தாடை எலும்பு போனால் முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய எலும்பை எடுத்து வைக்கலாம், இல்லையென்றால் மார்புத் தசையையே திருப்பிக் கழுத்து வழியாக மேலே கொண்டுவரலாம். நுண் ரத்தக்குழாய்களை இணைக்கும் வசதி இல்லாத இடங்களில் மார்புத் தசைதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. இப்போது உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது பாருங்கள். வாயை மூடப்போகும் சதை அப்பாவின் மார்பிலிருந்தோ காலிலிருந்தோதான் வரவேண்டும். கரைந்துபோன மார்புத் தசை காகிதம் போல மெலிந்து கிடந்தால் சர்ஜன் எதை வைத்து மூடுவார்?

மீதிப் பாதி காயம் ஆறுவது. வாய்க்குள் தைத்த தையல் எந்நேரமும் எச்சிலில் நனைந்துகொண்டே இருக்கும், வாயில் கிருமிக்குக் குறைவே இல்லை. புரதம் இல்லாத உடம்பில் தையல் வரிசை ஓரிடத்தில் விட்டுப்போனால் எச்சில் கழுத்துக்குள் கசியும், உள்ளே சீழ் பிடிக்கும், கடைசியில் கழுத்துத் தோலில் துளை விழுந்து எச்சில் வெளியே வரும். வெளியே வந்தாலாவது கண்ணில் படுகிறது, கழுத்தின் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றித் தேங்கி நின்றால் அது உயிருக்கே ஆபத்து. தசை குறைந்த நோயாளிகளுக்குக் காயச் சிக்கல்களும் இப்படிப்பட்ட துளைகளும் அதிகம் வருகின்றன, ஆஸ்பத்திரியில் அதிக நாள் கிடக்கிறார்கள் என்று தலை, கழுத்துப் புற்று பற்றிய பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயுளும் குறைகிறது என்று அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

நுரையீரலை யாரும் யோசிப்பதில்லை. நெஞ்சுக்கூட்டுத் தசைகளும் உதரவிதானமும்கூடத் தசைதானே, அவையும் சேர்ந்துதான் மெலிந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சளியும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் பலமாக இருமித் தள்ள வேண்டும். அந்தப் பலம் இல்லாதவருக்குச் சளி தங்கி நிமோனியா வரும், கழுத்தில் மூச்சுக்கு வைத்த துளையை மூட முடியாமல் நாள் இழுக்கும். விழுங்குவதும் அப்படித்தான். நாக்கும், தாடைக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளும் சேர்ந்துதான் கவளத்தைத் தள்ளுகின்றன. ஆபரேஷனில் அவற்றில் சில வெட்டுப்படும், மிஞ்சியதைக் கொண்டுதான் மறுபடி விழுங்கப் பழக வேண்டும், மிஞ்சியதும் மெலிந்திருந்தால் மூக்குக் குழாய் மாதக்கணக்கில் நிற்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது அடுத்து வருகிற விஷயம், குடும்பத்தார் பெரும்பாலும் இதைக் கேள்விப்படுவதே இல்லை. கட்டி பெரியதாக இருந்தால், நெறிக்கட்டியில் பரவியிருந்தால், ஆபரேஷனோடு முடியாது, கதிர்சிகிச்சை உண்டு, சிலருக்கு அதோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் அது தொடங்கிவிட வேண்டும் என்பது விதி, தள்ளத் தள்ள நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடும். காயம் ஆறாமல் கழுத்தில் துளையோடு இருப்பவருக்கு எப்படித் தொடங்குவது? தொடங்கினாலும், மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள், தசை குறைந்தவருக்கு அதே அளவு மருந்து உடம்பில் அதிக விஷமாக வேலை செய்கிறது, பாதியில் நிறுத்த வேண்டி வருகிறது. சர்ஜன் கட்டியைச் சுத்தமாக எடுத்திருந்தும் நோய் திரும்பி வருவதற்கு இந்தத் தாமதம் ஒரு வழி. ஆக, இன்றைக்கு அப்பா சாப்பிடும் முட்டை இரண்டு மாதம் கழித்து நடக்கும் கதிர்சிகிச்சைக்கும் சேர்த்துத்தான்.

எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தொப்பையோடு குண்டாகத் தெரிகிறவரிடமும் தசை கரைந்திருக்கும், கொழுப்பு மறைத்துவிடும், அவர்களை யாரும் கவனிக்காததால் ஆபத்து இன்னும் அதிகம். டாக்டர்கள் ஸ்கேனில் இடுப்புக்கு மேலே மூன்றாவது முதுகெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளப்பார்கள், வாய்ப்புற்றுக்கு எப்படியும் கழுத்து ஸ்கேன் எடுப்பதால் கழுத்தின் மூன்றாவது எலும்பு மட்டத்திலும் பார்க்கலாம், தனியாகச் செலவு இல்லை. வீட்டில் நீங்களே பார்க்க இரண்டு வழி இருக்கிறது. தையல்காரர் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து பாருங்கள், ஆசியர்களுக்கான 2019ஆம் ஆண்டு வரையறைப்படி ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33க்கும் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும் (கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பாதீர்கள்). இன்னொன்று, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலம் குறைந்திருக்கிறது. அப்பாவைப் பொறுத்தவரை இந்தச் சோதனைகள்கூடத் தேவையில்லை, ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே புற்றுநோய் மெலிவு என்பார்கள், அவருக்கு 13 சதவீதம் போயிருக்கிறது.

அப்படியானால் தசை தேறும்வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். கூடாது, ஏனென்றால் புற்று காத்திருக்காது. வாய்ப்புற்றில் ஒவ்வொரு வாரமும் கட்டி வளரும், வாய் இன்னும் மூடும், சாப்பாடு இன்னும் குறையும், நீங்கள் தேற்றியதைவிடக் கரைந்தது அதிகமாகிவிடும். ரொம்ப மோசமாக மெலிந்தவருக்கு மட்டும் 7 முதல் 14 நாள்வரை ஊட்டம் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்வது சரி என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன, அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் புதுத் தசை மலைபோல வளராது, ஆனால் கரைவதை நிறுத்தலாம், இருக்கிற தசைக்குப் பலம் ஏற்றலாம், ஆபரேஷன் மேசைக்கு ஒரு வெற்று உடம்பைக் கொண்டுபோகாமல் இருக்கலாம். தசையைத் தேற்றினால் ஆயுள் இவ்வளவு கூடும் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள், அந்த அளவுக்குப் பெரிய சோதனைகள் இன்னும் நடக்கவில்லை. காயம் ஆறுவதற்கு ஊட்டம் உதவும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இனி கஞ்சி. 52 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குப் புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று கணக்குப் போட்டால் 62 முதல் 78 கிராம் வேண்டும், கலோரி 1,500க்குக் குறையக் கூடாது. ஒரு கிண்ணம் கஞ்சியில் 40 கிராம் அரிசி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், புரதம் 3 கிராம். ஐந்து வேளை குடித்தாலும் 15 கிராம்தான். க்ளூக்கோஸ் பாட்டில் இதைவிட மோசம், 5 சதவீத க்ளூக்கோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை, 100 கலோரிகூடக் கிடையாது, புரதம் துளியும் இல்லை. கடன் வாங்கி அல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) பாட்டில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. ரத்தத்தில் அல்புமின் குறைந்திருப்பது பெரும்பாலும் அழற்சியின் அடையாளம், பாட்டிலில் ஏற்றினால் ரிப்போர்ட்டில் எண் ஏறும், தசை ஒரு கிராம்கூட வளராது. அந்தக் காசுக்கு எத்தனை முட்டை, எத்தனை டின் பால்பவுடர் வாங்கலாம்!

முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், நான்கு முட்டைக்கு 24. முள் இல்லாத மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20. பருப்பு 50 கிராம் வேகவைத்துக் கடைந்தால் 11. பால்பவுடர் 40 கிராமில் 10. எல்லாம் சேர்த்தால் 65 வந்துவிடுகிறது, இதில் வெளிநாட்டு டின் எதுவும் இல்லை. என்ஷூர் மாதிரி சத்துப் பவுடர் டின் வாங்க முடிந்தால் வாங்குங்கள், ரொம்ப வசதி, முடியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். மொஹிங்கா (மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ்) அப்பாவுக்குப் பிடிக்குமென்றால் அதன் குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள், மிளகாயும் ஙாப்பி என்ற மீன் விழுதும் குறைத்து, மீனை இன்னும் நிறையப் போட்டு, கடலை மாவும் அவித்த முட்டையும் சேர்த்து மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் வாய் திறக்காதவரும் குடிக்கலாம். கடலை மாவில் செய்யும் ஷான் தோஃபுவை மசித்துக் கொடுக்கலாம், சைவக் குடும்பமென்றால் பருப்பு, தோஃபு, பால், தயிர், வேர்க்கடலைக் கூழ் என்று போகலாம். கஞ்சியே வேண்டுமென்று அடம்பிடித்தால் கொடுங்கள், ஆனால் அதில் அடித்த முட்டையைக் கொதிக்கவிட்டு, பால்பவுடரும் ஒரு கரண்டி எண்ணெயும் கலந்து கொடுங்கள். எண்ணெய் ஒரு கரண்டியில் 100 கலோரிக்கு மேல் இருக்கிறது, குடிக்கும் அளவு கூடாமல் சத்து கூடும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் மிக்ஸியை நம்ப முடியாது, கரண்ட் இருக்கும்போது ஒரு வேளைக்கு மட்டும் அடித்துக்கொண்டு மற்ற வேளைக்குப் பால்பவுடரையும் கடைந்த பருப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். அடித்த மீனையும் முட்டையையும் வெளியே மணிக்கணக்கில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

மீனும் முட்டையும் சாப்பிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் பத்தியம் சொல்வார்கள். அவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள், அதற்காகப் புண் ஆற வேண்டிய நேரத்தில் புண்ணை ஆற்றும் பொருளையே நிறுத்துவது நியாயமில்லை. சீழ் கிருமியால் வருவது, முட்டையால் இல்லை. காரமும் புளிப்பும் எரியும், அதை மட்டும் விடலாம். நேர்த்திக்கடன் விரதங்களையும் இந்த வருஷம் வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்ளட்டும்.

வலி இருக்கும்போது யாரும் சாப்பிட மாட்டார்கள், டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். எல்லாம் செய்தும் பாதிக்குக் கீழேதான் போகிறது என்றால் ஆபரேஷனுக்கு முன்பே மூக்குக் குழாய் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், குழாய் என்றாலே கடைசிக் கட்டம் என்று பயப்படாதீர்கள். இங்கே ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நாட்களாகக் கிட்டத்தட்டப் பட்டினியாக இருந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பே குழம்பலாம். அப்படிப்பட்டவருக்கு டாக்டரின் மேற்பார்வையில் கொஞ்சமாகத் தொடங்கி, தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்து, நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் மேலே சொன்ன அளவுகளையும் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

புரதம் மட்டும் போனால் போதாது, தசையை வேலை வாங்கினால்தான் அது அங்கே தங்கும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே பயிற்சியாகக் காலையும் மாலையும் முடிந்த அளவு செய்யச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்கி இறக்கட்டும், தெருமுனைவரை நடக்கட்டும், நன்றாக மூச்சை இழுத்துப் பிடித்து விடட்டும். குன்யாவை இன்றே நிறுத்த வேண்டும். புகையிலையில் இருக்கும் நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், ஒட்டவைத்த சதைக்கு ரத்தம் போகும் குழாய் சுருங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து “படுத்து ரெஸ்ட் எடுங்கண்ணே” என்பார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள் ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயாளிக்கு எவ்வளவு போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சர்ஜன் தடுக்காவிட்டால் மறுநாளே எழுந்து உட்கார வேண்டும், நாற்காலிக்கு வர வேண்டும், குழாய் வழியாக 24 மணி நேரத்துக்குள் சாப்பாடு தொடங்க வேண்டும், இதெல்லாம் தலை, கழுத்து ஆபரேஷன்களுக்கு 2017இல் வந்த சர்வதேசப் பரிந்துரைகளில் இருப்பவை. காலிலிருந்து எலும்பு எடுத்திருந்தால் எப்போது ஊன்றலாம் என்பதை மட்டும் சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பார், கூட இருக்கும் உங்களில் ஒருவர்தான் குழாயில் போன ஒவ்வொரு வேளையையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும், ரவுண்ட்ஸ் வரும்போது அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை யாங்கூன் போகும்போது இதையெல்லாம் கேட்டுவிட்டு வாருங்கள், தம்பி. எங்கிருந்து சதை எடுக்கப் போகிறார்கள், மூக்குக் குழாய் இப்போதே வைக்கலாமா, பாஸ்பேட், பொட்டாசியம் பார்த்தாயிற்றா, வாய் திறக்கும் பயிற்சி அப்பாவுக்குச் செய்யலாமா (கட்டி தாடை எலும்பை அரித்திருந்தால் கேட்காமல் செய்யக் கூடாது), கதிர்சிகிச்சைக்கு இப்போதே பெயர் பதிந்துவைக்க முடியுமா. அதற்குள் ஒரு வாரம் அப்பா சாப்பிட்டதையும் எடையையும் எழுதி அனுப்பினால் அளவைக் கூட்டுவதா மாற்றுவதா என்று பார்த்துச் சொல்கிறேன்.